ஆறாவது காது

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அதில் ஓர் இடம் காலியாகப் போகக் கூடாது. குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்தால், கடைசி சீட்டு சும்மா போவதைப் பார்க்க என் கணவர் நவநீதனுக்கு மனசு கேட்காது. வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பவரைக்கூட ஏற்றிக்கொள்வார். அப்படி ஏறிய ஒருவர் ஒருமுறை போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்து, எங்களுக்கு முன்னால் தரிசனத்தை முடித்துக்கொண்டு, திரும்பும்போது ஜன்னலோரம் வேண்டும் என்று கேட்டார். நவநீதன் எழுந்து கொடுத்தார். இந்தக் குணம் கல்யாணமான நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மேசை வாங்க அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

மேசை என்றால் மரத்தில் செய்தது இல்லை. எங்கள் அம்மா காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்ததே, கடிதம் அடிக்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, மீட்டிங்கில் படம் காட்ட ஒன்று என்று, அந்த மூட்டை முழுக்க இப்போது புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிக் காதுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் பேசப் போவதைப் பேசுவதற்கு முன்னால் திருத்திக் கொடுப்பது அதன் வேலை. இப்போதெல்லாம் மேசை இல்லாமல் ஆபீசில் பேசினால் அதற்கு ‘வெறும் வாய்’ என்று பெயர். வெறும் வாயால் சொன்ன எதுவும் செல்லாது. லீவு கேட்டாலும் செல்லாது, ராஜினாமா செய்தாலும் செல்லாது.

நான் சேலத்தில் ஒரு சேகோ ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். ஜவ்வரிசி போதுமான வெள்ளையா, ஈரம் எவ்வளவு, வேகவைத்தால் முத்தாக நிற்கிறதா கூழாகிறதா என்று பார்த்துக் குறை சொல்வதற்குச் சம்பளம். எங்கள் முதலாளி அர்த்தநாரி ஆந்திராவில் சாமல்கோட் பக்கம் புதிதாக ஒரு ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்தார். அதை முதல் மூட்டைக் கிழங்கிலிருந்து எடுத்து நடத்த ஒரு மேனேஜர் வேண்டும், இன்டர்வியூ வைக்கிறேன், விருப்பப்பட்டவர்கள் மேசையோடு வாருங்கள் என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். நாசூக்காக எல்லாம் இல்லை, பசிக்கிற மாதிரி வேண்டும். அடுத்தவர் செய்ததில் குறை சொல்லியே என் காலம் போய்க்கொண்டிருந்தது. நானே ஒன்றைச் செய்து, அதில் யார் வந்து என்ன குறை சொல்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

வீட்டில் இன்டர்வியூ என்று மட்டும் சொன்னேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை. எதிர்ப்பார்கள் என்று பயம் இல்லை, பேசுவார்கள் என்று பயம். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்குவதைப் பற்றி ஒரு கோடை முழுக்கப் பேசினார்கள். என் மாமனார் ஆதரவாகப் பேசினார், என் மாமியார் ஆதரவாகப் பேசினார், ஈரோட்டிலிருந்து நாத்தனார் மேகலா போனில் ஆதரவாகப் பேசினாள். எல்லோரும் பேசி முடித்தபோது மழைக்காலம் வந்துவிட்டது, ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை. சாமல்கோட்டுக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது. முதலில் ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஐந்து ரோடு பக்கம் இருந்த மேசைக் கடையில் ஒரு பெண் எங்களுக்குப் பதிப்புகளை விளக்கினாள். வாயில் சூயிங்கம் இருந்தது. வாக்கியம் மட்டும் சுத்தமாக வந்தது.

“நாம ஒண்ணு சொல்லணும்னு நினைச்சதும், அது நாக்குக்கு வர ஒரு மூச்சு நேரம் ஆகுங்க மேடம். அந்த மூச்சுக்குள்ள மேசை அதைப் பிடிச்சு, துவைச்சு, மடிச்சுக் கையில குடுத்துடும். எல்லாத்தையும் திருத்தாது. முக்கியமான வாக்கியத்தை மட்டும்தான்.”

எது முக்கியம் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நெஞ்சு படபடத்தால் முக்கியம் என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வீட்டுப் பதிப்பு விலை குறைவு, ஆனால் அதில் ஆபீஸ் பேச்சு வராது. சம்பள உயர்வு என்று சொல்லப் போனால் இருமல் வரும். மாணவர் பதிப்பு இன்னும் மலிவு. என்ன சொன்னாலும் கடைசியில் ‘சரிங்களா சார்’ என்று முடியும், பொண்டாட்டியிடம் பேசினாலும் அப்படித்தான். ஒரே தரம் காசு கொடுத்துக் காலம் முழுக்க வைத்துக்கொள்ளும் நிரந்தரப் பதிப்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் நவநீதனே வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். அவருடைய பெரியப்பா அதைத்தான் முதன்முதலில் வந்தபோது வாங்கினார். அதற்குப் புதுப்பித்தல் கிடையாது. அவர் இன்றைக்கும் துக்க வீட்டுக்குப் போனால், பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு, “என் திரை எல்லோருக்கும் தெரிகிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நிறுவனப் பதிப்பு குறைந்தது நூறு காது இருந்தால்தான் தருவார்களாம். மீதி இருந்தவை இரண்டு. தனியாள் பதிப்பு, ஒரு காதுக்கு. குடும்பப் பதிப்பு, ஆறு காதுக்கு.

தனியாள் போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நவநீதன் இரண்டு டப்பாவையும் கையில் வைத்து எடை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம்தான் போட வேண்டியிருக்கும், அதற்கு ஆறு காது கிடைக்கிறதே என்றார். ஆறு காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், மேகலா இருக்கிறாள் என்று விரலை மடக்கினார்.

குடும்பப் பதிப்பில் வேறு ஏதாவது வித்தியாசம் உண்டா என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

“கூட்டுத் திருத்தம் உண்டுங்க மேடம். உங்க முக்கியமான வாக்கியம் மத்த அஞ்சு காதுக்கும் போகும், கேட்ட கேள்வியோட சேர்த்து. அந்த மூச்சுக்குள்ள அவங்க யாரு வேணா திருத்தலாம். குடும்பம்னா அப்படித்தானே?”

நிறுத்த முடியாதா என்றேன். மற்ற ஐந்து பேரும் ஒரே சமயத்தில் சம்மதம் என்று சொன்னால் நிறுத்தலாம், இதுவரை தமிழ்நாட்டில் யாரும் நிறுத்தியதாகத் தகவல் இல்லை என்றாள்.

எனக்குத் தனியாள் பதிப்புதான் வேண்டும் என்று கடைக்குள் நின்று சண்டை போட்டிருக்கலாம். ஏன் என்று நவநீதன் கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. முகம் சிவந்து, மூக்கு வேர்த்து, எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். டப்பாவில் ஆறு கொட்டைகள் பல்லாங்குழிக் காய் மாதிரி உட்கார்ந்திருந்தன.

ஐந்து காது குடும்பத்துக்குள்ளேயே தீர்ந்தது. ஆறாவது காலியாக இருந்தது. நவநீதன் ராத்திரி சாப்பாட்டில்கூட அதைப் பற்றியே பேசினார். மறுநாள் காலையில் மூக்கனேரிக் கரையில் வாக்கிங் போய்விட்டு வந்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கூட நடக்கும் பாண்டுரங்கனுக்குக் கொடுத்துவிட்டாராம். பாண்டுரங்கன் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருப்பவர். அடிப்பது இரண்டே இரண்டு, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும். மனுஷன் தங்கமானவர், நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழும் அந்த இரண்டுதான்.

மேசை பொருத்திய முதல் நாளே ஒரு விஷயம் பிடிபட்டது. யாராவது என் வாக்கியத்தில் கை வைத்தால் நாக்கில் கூசும், ஆளுக்கு ஒரு மாதிரி. என் மாமியார் அம்சவேணி என்றால் நுனியில் குறுகுறுக்கும். மின் வாரியத்தில் ஓய்வு பெற்ற மாமனார் தங்கவேலு என்றால் அடிநாக்கில் ஒரு பாரம். மேகலா இடது ஓரம், நவநீதன் எங்கேயோ நடுவில் பட்டும் படாமலும். பாண்டுரங்கன் மேல் அண்ணத்தில் வருவார், கிராம்பு கடித்தது போல இருக்கும்.

அன்றைக்கே ஒரு கிழங்கு லோடு வந்தது. நசநசவென்று ஈரம். இந்த லோடு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று லாரிக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். படபடப்பு கூடிவிட்டது போலிருக்கிறது. வாயிலிருந்து வந்தது இது:

“இந்த லோடில் ஈரம் சற்றே கூடுதலாகத் தெரிகிறது, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், சாப்பிட்டீர்களா, மேலிட உத்தரவுக்கு உட்பட்டு இதை ஏற்க இயலாது, பார்க்கலாம், நான் அப்போதே சொன்னேன், ஆகவே தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து லோடைத் திரும்பப் பெற்றுச் செல்லுமாறு அன்புடன் அழைக்கிறோம்.”

இதில் ‘தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், சாப்பிட்டீர்களா’ மாமியார். மேலிடம் மாமனார். ‘பார்க்கலாம்’ நவநீதன், அவர் எதையும் அதைச் சொல்லாமல் முடித்ததில்லை. ‘அப்போதே சொன்னேன்’ மேகலா, அவள் எப்போதும் எதையும் சொல்லியிருக்க மாட்டாள். மீதியை விளக்க வேண்டியதில்லை. லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மனைவி, மச்சினன், இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளோடு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து லோடை எடுத்துக்கொண்டு போனார். கேன்டீனில் இலை போட வேண்டியதாயிற்று.

இந்த வாயை வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போவது ஒரு பக்கம். சாமல்கோட் என்ற பெயர் என் காதில் விழுந்த கணமே மற்ற ஐந்து காதிலும் விழும். அதற்குப் பிறகு அது என் ஊராக இருக்காது, பேசித் தீர்க்க வேண்டிய ஃபிரிட்ஜாகிவிடும்.

கூட்டுத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லி எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். இன்டர்வியூ அன்றைக்கு மட்டும் என்றேன். மாமனார் எழுத்து மூலமாகக் கேள் என்றார். மேகலா, “எதுக்கு அண்ணி, நாங்க இருந்தா உங்களுக்குத் தைரியம்தானே?” என்றாள். பாண்டுரங்கன் முகூர்த்த மாதம், தலைக்கு மேல் வேலை, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். நவநீதன் பார்க்கலாம் என்றார். மாமியார் மட்டும் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நிறுத்திட்டுத் தனியா அப்படி என்ன பேசப் போறே?”

நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன். மூக்கு வேர்த்ததை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

இன்டர்வியூ அர்த்தநாரியின் அறையில் நடந்தது. அவரோடு சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். அவருக்குத் தனியாள் பதிப்பு என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது, ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டது மாதிரி வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அர்த்தநாரி வழக்கம்போல அதிகம் பேசாமல், அடிக்கடி வாயைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொழில் பற்றிய கேள்விகளை ஒருவழியாகச் சமாளித்தேன். மாவு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று கேட்டதற்குச் சரியான பதிலோடு ஒரு ‘மேலிட உத்தரவு’ மட்டும் சேர்ந்துகொண்டது. கழிவுநீரைப் பற்றிச் சொன்னபோது பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தார், ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று ஆரம்பித்தது. கழிவுநீர் விஷயத்தில் அது பொருத்தமாகவே பட்டது. ஆலோசகர் தலையாட்டினார்.

பிறகு அவர் கேட்டார். “சாமல்கோட்டில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். தயாரா?”

எனக்கு இருந்தது ஒரே ஒரு சொல். தயார். அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். நெஞ்சு இடித்தது, சொல் நாக்குக்கு வந்தது. அங்கே நின்றது. அந்த மூச்சுக்குள் வீடே என் வாய்க்குள் ஏறிவிட்டது.

“என்ன சாமல்கோட்? யார் உத்தரவு? அது எங்கே இருக்கிறது? நான் அப்போதே சொன்னேன். பார்க்கலாம். தயார். இன்ப அதிர்ச்சியுடன் பாண்டுரங்கன், அச்சகத்தார், செவ்வாய்ப்பேட்டை.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். இதில் எதைப் பதிலாக எடுத்துக்கொள்வது என்று மரியாதையாகக் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது அர்த்தநாரி பேசினார். என்னை எப்போதும் மேடம் என்று கூப்பிடுகிற மனிதர்.

“வீட்டுல சொல்லலியா கண்ணு?”

சொன்ன உடனே கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்த பரிதாபத்தை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் கண்டுகொள்வேன், கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். எங்கள் ஃபேக்டரியில் நூறு பேர் கிடையாது, நிறுவனப் பதிப்பு கிடைத்திருக்காது. ஆறு காது சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது பேசியது அவர் இல்லை, அவருடைய மனைவி நாகரத்தினம் அம்மா. ஆயுத பூஜைக்கு ஃபேக்டரிக்கு வந்து பொரி கொடுக்கும்போது அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், கண்ணு என்று சொல்லாமல் அவர் யாரிடமும் பேச மாட்டார்.

என் நாக்கு நுனியில் குறுகுறுத்தது. நான் எதுவும் சொல்ல நினைக்கவே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் வெறும் மூச்சையே வாக்கியம் என்று மேசை எடுத்துக்கொண்டுவிட்டது.

“சொல்லலீங்க,” என்றது என் வாய். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க.”

“இந்தக் காலத்துல யாருங்க சொல்றாங்க,” என்றது அர்த்தநாரியின் வாய், கர்ச்சீப்புக்குள்ளிருந்து. “ஆந்திராவுல இடம் வாங்குனது எனக்கே பத்திரம் முடிஞ்ச பொறவுதான் தெரியும். நீங்க எந்த ஊருங்க?”

“பொறந்தது தாரமங்கலமுங்க.”

“அட, எங்க சின்ன நாத்தனாரைத் தாரமங்கலத்துலதான் குடுத்திருக்கு.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த அறையில் என்ன நடந்தது என்று நான் தெளிவாகச் சொல்ல முடியாது. நாத்தனாரின் மாமனார் யார் என்று கண்டுபிடித்தார்கள். அவர் வீட்டுக் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைப் பற்றி இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. முட்டிவலிக்கு எந்த எண்ணெய் என்பதில் சின்னக் கருத்து வேறுபாடு வந்து, சமாதானமாயிற்று. நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, வாயை அவரவர் வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஆலோசகர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

திடீரென்று முதலாளியின் வாய், “மருமக எப்படிங்க?” என்று கேட்டது.

என்னைப் பற்றிய கேள்வி, நான் எதிரிலேயே இருக்கிறேன், பதில் என் வாயிலிருந்தே வரப் போகிறது, அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. மாமனாரின் பாரம் அடிநாக்கில் வந்தது, வந்த வேகத்தில் விலகியது. யாரோ அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னது போல இருந்தது. நுனியில் மட்டும் குறுகுறுப்பு.

“கோவக்காரிங்க. ரசம் வெக்க வராது. ஆனா மாவு கெட்டிருந்தா மூடியைத் தொறக்காமயே சொல்லிடுவா. பொய் சொல்லத் தெரியாது. அதான் சொல்லாமயே வந்துட்டா.”

அர்த்தநாரி கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். அவரே கேட்க நினைத்தாரா, அந்த அம்மா கேட்டாரா தெரியவில்லை. குரல் மட்டும் தணிந்திருந்தது.

“அனுப்புவீங்களா?”

ஒரு மூச்சு. எனக்கு அது ரொம்ப நீளமான மூச்சாக இருந்தது. நடுநாக்கில் நவநீதன் வந்து நிற்பது தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. அப்படியே நின்றார்.

“அவ போறாங்க,” என்றது என் வாய். “நாங்க என்ன அனுப்புறது?”

என் குரலில், என் வாயால், என் மாமியார் அதைச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துடைக்கவில்லை. ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தெரிந்தது, அவர் என்ன எழுதினார் என்று. தன்னையே தள்ளி நின்று பார்த்துத் தன் குறைகளைக் கூச்சமில்லாமல் சொல்லும் பக்குவம் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது, நிர்வாகத்துக்கு இது மிகவும் அரிய பண்பு என்று எழுதியிருந்தாராம். ரசம் பற்றியும் ஒரு வரி இருந்ததாம். எனக்கு வேலை கிடைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனபோது எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேகலா ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். பாண்டுரங்கன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமனார் சாமல்கோட்டுக்கு எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. நான் நேராக அடுக்களைக்குப் போனேன். அத்தை என்று கூப்பிட்டேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினார்.

“சொல்லியிருந்தா நாங்க பேசியே கெடுத்திருப்போம்,” என்றார். “நீ செஞ்சது சரிதான். எனக்குத்தான் கஷ்டமா இருக்கு, அது வேற.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் ரசத்தில் உப்பு போட்டாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் வந்து, அதில் அழுகை நின்றது.

சாமல்கோட்டுக்குக் கிளம்பும்போது கம்பெனியில் எனக்குத் தனியாள் பதிப்பு கொடுத்தார்கள். குடும்பக் கொட்டையைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். அந்த நிமிஷமே நவநீதனின் கண் டப்பாவுக்குப் போய்விட்டது. ஓர் இடம் காலி. இந்த முறை அவருக்கு முன்னால் மாமியார் முடிவு செய்துவிட்டார். நாகரத்தினம் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அவர்கள் வீட்டில்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அவருக்கு எதற்கு இன்னொன்று என்று கேட்டேன்.

“அது வலது காதுல. இடது காது சும்மாத்தானே கெடக்கு?”

அப்படியாக என் முதலாளியின் மனைவி என் வீட்டின் ஆறாவது காதானார்.

இங்கே வந்து ஃபேக்டரி ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் மூட்டை வெளியே வந்தபோது ஜவ்வரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். குறை இருந்தது, சொன்னேன், திருத்தினேன். தனியாள் பதிப்பில் பேசுவது ஆரம்பத்தில் விசித்திரமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே வந்தது. யாரும் சாப்பிட்டீர்களா என்று சேர்க்கவில்லை. லாரிக்காரர்கள் தனியாக வந்து தனியாகப் போனார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நாக்கு நுனி கொஞ்ச நேரம் காத்திருக்கும், பிறகு பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று மத்தியானம் மாவுத் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது நவநீதன் போன் செய்தார். வழக்கமான விசாரிப்புகள். சாப்பிட்டேனா, வெயில் எப்படி, தெலுங்கு வந்துவிட்டதா. நடுவில் அவர் குரலிலேயே, “ஏற்றுமதிச் சரக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள கப்பலுக்குப் போயிடணும் கண்ணு, இவரு டென்ஷனா இருக்காரு,” என்று வந்தது. வெள்ளிக்கிழமை முடியாது, ஈரம் காய வேண்டும், திங்கட்கிழமைதான் என்று சொன்னேன். சொன்ன சொல் சொன்னபடியே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. சரி கண்ணு என்றது என் கணவரின் குரல்.

பிறகு அவரே பேசினார்.

“நீ இல்லாம வீடு ஒரு மாதிரி இருக்கு தாரணி.”

அவர் நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாக்கியம் மற்றவர்களிடம் போயிருக்காது. போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு மூச்சு நேரம் சத்தம் இல்லை. மாமனார் உத்தரவு கேட்கவில்லை. மேகலா அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. அத்தை எதையும் மழுப்பவில்லை. முதலாளி வீட்டம்மாகூடச் சும்மா இருந்தார். வாக்கியத்தின் கடைசியில் ‘பார்க்கலாம்’ இல்லை.

அப்புறம், அதே குரலில், ஒரு தொண்டைக் கனைப்புக்குப் பிறகு வந்தது:

“இப்படிக்கு, பிரிவால் வாடும் குடும்பத்தார்.”

நான் சிரித்த சிரிப்பில் தொட்டிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். நெஞ்சு எனக்கும்தான் அடித்துக்கொண்டது. மேசை என் வாக்கியத்தை எடுத்து, துவைக்க ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தது.

“பாண்டுரங்கன் அண்ணன்கிட்ட சொல்லுங்க, போஸ்டர் ஒட்டிட வேண்டாம். ஞாயித்துக்கிழமை வர்றேன்.”